கீழே இருக்கிற அந்த ஒரு வரியை எடுக்க மாட்டோம்



நம்ம ஆலயத்தின் புது அகப்பக்கத்தைப் பார்த்துட்டு, "அடியில யாரோ வெளியாள் பேர் இருக்கே, எடுத்துடுங்க"ன்னு சிலர் சொன்னீங்க. அன்போடு சொல்றோம், எடுக்க மாட்டோம். காரணம் இதுதான்.

போன பங்குனி உத்திரத்துக்குப் பால்குட நேரத்தை மாற்றினோம். பழைய அகப்பக்கத்தில் அந்த அறிவிப்பு மூன்று இடத்தில் தனித்தனியா இருந்தது. இரண்டைத் திருத்திட்டு ஒன்றை மறந்துட்டோம். அதைப் பார்த்து வந்த ஒரு பாட்டி, எல்லாம் முடிஞ்ச பிறகு குடத்தோடு தனியா நின்னாங்க. தப்பு எங்களுடையது.

அதனாலதான் ஜாங்கோவுக்கு மாறினோம். நேரத்தை ஒரு இடத்தில் மாத்தினா போதும், எல்லாப் பக்கத்திலும் மாறிடும். தோற்றத்துக்கு 'ஹெச்டிஎம்எல்5 அப்' தளத்திலிருந்து ஓர் இலவச டெம்ப்ளேட் எடுத்தோம். தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒரே கோப்பில் வைத்து, மற்ற பக்கங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தோம். படங்களையும் ஸ்டைல் கோப்பையும் ஸ்டாட்டிக் ஃபோல்டருக்கு மாத்தி, அவை இருக்கும் இடத்தை ஒவ்வொரு வரியிலும் திருத்தினோம். ஸ்டைல் கோப்பை விட்டுட்டா, அலங்காரம் கலைஞ்ச மாதிரி வெறும் எழுத்துதான் தெரியும். தமிழுக்கு 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவைச் சேர்த்தோம். அதுவும் இலவசம்தான்.

"இவ்வளவு வேலை நீங்கதானே செஞ்சீங்க"ன்னு கேட்கலாம். உண்மைதான். ஆனா அந்த டெம்ப்ளேட் 'கிரியேட்டிவ் காமன்ஸ் அட்ரிபியூஷன் 3.0' உரிமத்தில் வருது. எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், காசு வேண்டாம். செய்தவர் பேரை மட்டும் சொல்லணும்.

நம்ம கோயில்ல டியூப் லைட், காத்தாடி, சுவர்க் கடிகாரம் எல்லாத்திலும் 'உபயம்'னு பேர் இருக்கு. பல்பை மாத்தினது நாங்கதான் என்பதற்காக உபயக்காரர் பேரை அழிச்சுட்டு எங்க பேரை எழுதினா ஒத்துக்குவீங்களா? முகம் தெரியாத ஒருவர் கொடுத்ததும் உபயம்தான். இலவசமா கிடைச்சதால அது யாருடையதும் இல்லைன்னு ஆகிடாது.

பேர் வேண்டாம்னா, காசு கொடுத்து வேற டிசைன் வாங்கலாம். ஆனா அந்தப் பணம் அன்னதானத்துக்குப் போகட்டும் என்பதே எங்க கருத்து.

இந்த வருஷப் பால்குட நேரம் முதல் பக்கத்திலேயே இருக்கு. வீட்டுப் பெரியவங்ககிட்ட மறக்காம காட்டுங்க. அப்படியே கீழே வரைக்கும் தள்ளிப் பாருங்க. அந்த ஒரு வரி அங்கேயே இருக்கும்.

ஓம் முருகா.