வால் சொல்லும் சேதி

"அத்தை, இந்தப் பூனை இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது. சாக்குல கட்டி எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வரச் சொல்லுங்க."

என் மருமகள் என்னிடம் குரலை உயர்த்திப் பேசுகிறவள் அல்ல. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அப்படிப் பேசினாள். அவள் இடுப்பில் இரண்டரை வயதுப் பேரன் வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் முன்கையில் மூன்று கோடுகள். ரத்தம் முத்து முத்தாக நின்றது. பூனை பட்டு, பரண் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழே இறங்க மறுத்தது.

அவள் கோபத்தில் தப்பு இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. இதை அன்றைக்கே நான் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேரன் பட்டுவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். தடவல் மெதுவாகத் தட்டலாயிற்று, தட்டல் பிடியாயிற்று. பட்டுவின் வால் இடமும் வலமுமாகத் தரையில் 'பட், பட்' என்று அடித்தது. "பாட்டி, பூனை வாலை ஆட்டுது!" என்றான் குழந்தை. "ஆமாண்டா கண்ணா, உங்கூட விளையாடுது" என்றேன் நான். அதைக் கேட்டு அவன் அந்த வாலையே பிடித்து இழுத்தான். மறு நிமிஷம் நடந்ததுதான் மேலே சொன்னது.

நாய் வாலைக் குழைத்தால் சந்தோஷம். நாம் சிறு வயது முதல் பார்த்துப் பழகியது அதுதான். பூனை வாலை அடித்தால் அதற்கு அர்த்தம், "போதும், விடு" என்பது. பட்டு ஐந்து நிமிஷமாக மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் பாஷை தெரியவில்லை. தெரிந்திருந்தால் குழந்தைக்குக் கீறலும் இல்லை, மருமகளுக்கு மனவருத்தமும் இல்லை.

முதலில் காயத்தைக் கவனியுங்கள்

பூனையின் பாஷைக்குப் போகுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். 'நாய் கடித்தால்தானே ஊசி' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெறிநோய் பூனை மூலமும் வரும். வந்துவிட்டால் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். வராமல் தடுப்பதோ நம் கையில் இருக்கிறது.

கடியோ கீறலோ, உடனே குழாயடியில் காயத்தைக் காட்டி, சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்பாதீர்கள். கழுவியதும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். 'பூனை பத்து நாள் நன்றாக இருக்கிறதா பார்த்துவிட்டுப் போகலாம்' என்று காத்திருக்கக் கூடாது. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் பூனையைக் கவனிக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று நம் தாய்மார்கள் பயமுறுத்தினார்களே, அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004-லேயே நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. எங்கள் பேரனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று போட்டார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால், முதல் நாள் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்தினார்கள். "பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்கள் வீட்டுப் பூனைக்குப் போட்டிருக்கிறீர்களா?

கொடி தூக்கி வந்தால்

இனி வாலுக்கு வருவோம். பூனையின் வாலில் சுமார் இருபது சிறு எலும்புகள் கோத்தாற்போல் இருக்கின்றன. மதில்மேல் நடக்கும்போது விழாமல் காப்பாற்றுவதும் அந்த வால்தான். மனதில் உள்ளதைக் காட்டிக் கொடுப்பதும் அதேதான்.

வால் கொடிக்கம்பம் மாதிரி நேரே நிமிர்ந்து, நுனி மட்டும் லேசாக வளைந்து வந்தால், "வந்துட்டியா, உன்னைத்தான் தேடினேன்" என்று அர்த்தம். குட்டிகள் தாயைக் கண்டதும் இப்படித்தான் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் விடுவதில்லை. நம்மையும் தாயாக நினைத்துத்தான் பால் பாத்திரம் எடுக்கும்போது அப்படி வருகிறது.

1872-ல் சார்லஸ் டார்வின், மனிதரும் மிருகங்களும் உணர்ச்சியை எப்படிக் காட்டுகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். அன்பாக இருக்கும் பூனை வாலை நிமிர்த்தி உடம்பை உரசுவதை அதில் குறித்திருக்கிறார். சிமோனா கஃபாட்சோ, யூஜீனியா நட்டோலி என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் ரோம் நகரத்தில் கூட்டமாக வாழும் பூனைகளைக் கவனித்து 2009-ல் எழுதியது இன்னும் சுவாரசியம். கூட்டத்தில் சிறியவை பெரியவற்றைக் கண்டால்தான் அதிகமாக வாலைத் தூக்குகின்றனவாம். பெரியவர் வந்தால் நாம் எழுந்து நிற்கிறோமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்த வால் கிடுகிடுவென்று நடுங்கினால் அளவுகடந்த சந்தோஷம். ஆனால் சுவர்ப் பக்கம் பின்புறத்தைக் காட்டி நின்று நடுங்கினால், மூத்திரம் தெளித்து "இது என் இடம்" என்று முத்திரை வைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண் பூனைகளிடம் இந்தத் தொந்தரவு அதிகம். கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எட்ட நில் என்றால்

நுனி மட்டும் துடிப்பது வேறு. சுவரில் பல்லியைக் கண்டால் கவனத்தில் நுனி துடிக்கும். மடியில் இருக்கும்போது துடித்தால் எரிச்சலின் ஆரம்பம்; கையை எடுத்துவிடுங்கள். முழு வாலும் சாட்டை மாதிரி வீசி அடித்தால் அடுத்தது நகம்தான்.

பால் புட்டி கழுவும் பிரஷ் இருக்கிறதே, அது மாதிரி வால் உப்பிவிட்டால் அது பயம். நமக்கு மயிர்க்கூச்செறிவது போல அதற்கும் ஒவ்வொரு ரோமமும் குத்திட்டு நிற்கிறது. எதிரியின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முதுகையும் வில்லாக வளைக்கும். "பாவம், பயந்திருக்கு" என்று அப்போது தூக்கப் போகாதீர்கள். தப்பி ஓட வழியை மட்டும் விட்டு விலகி நில்லுங்கள். குட்டிகள் விளையாட்டிலும் உப்பும். துள்ளிக் குதிப்பதைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

வால் தாழ்ந்து, பின்னங்காலிடுக்கில் ஒடுங்கினால் பயம் அல்லது வலி. பூனை நோயை மறைக்கும் பிராணி. வலியில் இருக்கும்போதுகூட 'கர்ர் கர்ர்' என்று சத்தம் கொடுக்கும். ஆகவே சத்தத்தை மட்டும் வைத்து 'சௌக்கியமாக இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றனவா, கண்மணி விரிந்திருக்கிறதா, உடம்பு விறைத்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் 'தடவு' என்று அர்த்தம் என எண்ணி ஏமாறாதீர்கள். பல பூனைகளுக்கு அது நம்பிக்கையின் அடையாளம் மட்டுமே, தொட்டால் பிடிக்காது.

இழுக்கவே கூடாது

குழந்தைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது: வாலைப் பிடித்து இழுக்காதே. வாலின் அடிப்பக்கத்தில்தான் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் நரம்புகள் இருக்கின்றன. ஓங்கி இழுத்தாலோ, கதவில் நசுங்கினாலோ அவை கெட்டுப்போகலாம். அப்புறம் அந்த ஜீவன் தன்னையறியாமல் நனைத்துக்கொண்டே இருக்கும். அல்லது போக முடியாமல் தவிக்கும்.

இரண்டு நாள் கழித்து மருமகளிடம் உண்மையைச் சொன்னேன். "வாலை ஆட்டுதுன்னு குழந்தை சொன்னான். விளையாடுதுன்னு நான்தாம்மா சொன்னேன். அதனாலதான் இழுத்தான்." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாக நானும் இரண்டு நாள் இருந்தேனே!

சாக்கு வரவில்லை. ஆனால் மருமகள் ஒரு கட்டளை போட்டாள்: பெரியவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தையும் பூனையும் ஒரு அறையில் இருக்கக் கூடாது. நியாயமான கட்டளை. கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

எனக்கு நானே ஒரு வேலை போட்டுக்கொண்டேன். தினம் சாயங்காலம் பேரனோடு 'வால் விளையாட்டு'. கையை நேரே தூக்கினால் "வா வா". தரையில் தட்டினால் "போதும், போதும்". முதுகுக்குப் பின்னால் ஒளித்தால் "பயமாயிருக்கு". குழந்தைகளுக்கு இதெல்லாம் எத்தனை சீக்கிரம் வந்துவிடுகிறது! ஒரு மாதத்தில் அவன் எனக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான். தடவும்போதும் கன்னத்தையும் தாடையையும் மட்டும், ஒரே கையால், மூன்று தடவை. பிறகு கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் பூனையே முட்டிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு நாள் காலை அவன் அடுக்களைக்கு ஓடி வந்தான். "அம்மா, பட்டு வால் ஒளிஞ்சிருக்கு. வர மாட்டேங்குது." கட்டிலுக்கு அடியில் பட்டு சுருண்டு கிடந்தது. வால் தொங்கிப் போயிருந்தது. சில நாளுக்கு முன்னால் ராத்திரி மொட்டை மாடியில் ஏதோ சண்டை. வாலின் அடியில் பல் பதிந்து சீழ் கோத்திருந்தது. ரோமத்துக்குள் மறைந்திருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

கனமான துண்டை மேலே போட்டு, மூடி போட்ட கூடையில் வைத்து, ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனது யார் தெரியுமா? என் மருமகள்தான். சீழை எடுத்துச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள். "பூனைக்குத் தடுப்பூசி எப்போ போடலாம்னு கேட்டுட்டு வந்திருக்கேன் அத்தை. நீங்க மறந்துடுவீங்க" என்றாள். காயம் ஆறியதும் அவளே அழைத்துப்போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

இன்று காலை பட்டு நிமிர்ந்த வாலோடு அடுக்களைக்கு வந்தது. என்னைத் தாண்டி, நேரே அவள் காலில் போய் உரசியது. "ஐயே, தள்ளு, வேலையிருக்கு" என்றாள். ஆனால் காலை நகர்த்தவில்லை.

உங்கள் வீட்டுப் பூனை வாலால் என்ன சொல்கிறது? இன்றைக்கு ஒரு பத்து நிமிஷம், கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் குழந்தையையும் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.