துப்பறியும் புதினத்திற்கும் திறனாய்வு வேண்டும்

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என நீளும் தொழிற்சாலைகளில் பொறியின் பெயரும் கட்டளையும் பெரிதும் ஆங்கிலமே. பணி முடித்துப் பேருந்தேறும் இளைஞன் பொழுதுபோக்கத் தமிழ் படிப்பானெனின், எளிதில் எட்டுவது விலைமலிந்த துப்பறியும் புதினமே. அவனுக்கு அதுவே தமிழ்ப்பள்ளி.

அப் பள்ளியை மேற்பார்ப்பார் யார்? 1955 முதல் சாகித்திய அகாதெமி தமிழ்நூல்களுக்குப் பரிசளித்து வருகின்றது. துப்பறியும் புதினம் ஒன்றேனும் அதனைப் பெற்றதில்லை. அதே 1955-இல் இங்கிலாந்தின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் இத்துறைக்கெனவே ஆண்டுப் பரிசைத் தொடங்கிற்று. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட புதினங்கள் படைத்தவர் கோவை இராசேசுகுமார். அவர் போன்றார் எழுத்து, 2008-இல் சென்னைப் பிளாப்ட் பதிப்பகம் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தொகுத்த பின்னரே ஆங்கிலங் கற்றார் அவையேறிற்று. தமிழன் ஆக்கத்தைத் தமிழன் மதித்தற்கும் ஆங்கிலச் சான்று வேண்டுமோ?

இத்துறைக்குக் கலப்புமொழியே ஏற்றதென்பார், 1977-இல் மறைந்த தமிழ்வாணனை எண்ணிப் பார்க்க. சங்கர்லால் என்பது வடவர் பெயரே. எனினும் அக்கதைகளைப் பிறமொழிச் சொற்களை இயன்றவரை விலக்கியே அவர் எழுதினார். படிப்போர் குறைந்திலர்; பெருகினர்.

எனவே, மாவட்டந்தோறும் நிகழும் பொத்தகத் திருவிழாக்களில் இப்புதினங்களைத் திறனாய ஓர் அரங்கும், நற்றமிழில் அமைந்தவற்றுக்குப் பரிசும் வேண்டும். புறக்கணிப்பால் மொழி திருந்தாது. பழுதை எடுத்துக்காட்டிச் சிறப்பைப் பாராட்டினாற்றான் திருந்தும். தமிழன்பர்களே! படியுங்கள், எடைபோடுங்கள், எழுதுங்கள். கதையிற் கொலை செய்தான் எவனென்பதை மறைத்தே எழுதுக. மொழிக்கொலை செய்தான் எவனென்பதை மட்டும் மறைக்க வேண்டா!