ஆழம் குறைந்த டப்பா

பெங்களூரு, புணே, குருகிராம் போன்ற நகரங்களில், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுவருகிறது. ராஜ்மா, கொண்டைக்கடலை மசாலா, வேகவைத்த துவரம்பருப்பு, வெங்காயமும் தக்காளியும் வதக்கி அரைத்த விழுது என வாரத்துக்கு வேண்டியவை ஒரே நாளில் அடுப்பேறி இறங்கி ஃப்ரீசருக்குள் செல்கின்றன. எதில் வைப்பது என்ற பேச்சு வந்தால், கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. முதலில் கேட்க வேண்டியது டப்பாவின் ஆழம் எவ்வளவு என்பதே.

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும் இடைவெளியில்தான் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சோற்றிலும் பருப்பிலும் காணப்படும் பாசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கி எஞ்சுபவை. அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நச்சுகளுள் ஒன்று, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் போதும்’ என்ற நம்பிக்கை இங்கே பயன்படாது. உணவு விரைவாகக் குளிர வேண்டும். கெட்டியான பருப்போ மசாலாவோ அசையாமல் இருக்கும்போது, அது குளிரும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஐஸ்கிரீம் டப்பாவில் நிறைத்ததை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பினால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரமே ஆகும். உறைவதற்கும் பின்னர் உருகுவதற்கும் இதே கணக்குதான். புதன்கிழமை இரவு எட்டு மணிக்குப் பாறைபோல் இறுகிய ராஜ்மாவைக் கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆழம் முடிவான பிறகே பொருளைப் பற்றிப் பேசுவதில் பயன் உண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் எவர்சில்வர் கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கும் மேல் திறனுடையது. பிளாஸ்டிக் கண்ணாடிக்கும் பின்தங்கியது. கீழே விழுந்தால் எவர்சில்வர் நசுங்குமே தவிர உடையாது; மஞ்சள் கறையும் ஏறாது. மைக்ரோவேவில் வைக்க முடியாது என்பது குறைதான். எனினும், வாணலியில் சூடாக்குவதே வழக்கமாக உள்ள வீட்டில் அது பெரிய குறையன்று. டப்பாவை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினால் ஓரம் இளகி, உள்ளிருப்பது ஒரே கட்டியாக வந்துவிடும்.

கண்ணாடி விரும்புவோர் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும் என்பதை நினைவில் கொள்வது நல்லது. மேலே இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். கழுத்துக் குறுகிய ஊறுகாய் பாட்டில் ஃப்ரீசருக்கு ஏற்றதே அல்ல. விரியும் உணவு தோள்பட்டையில் முட்டிப் பாட்டிலைப் பிளந்துவிடும். உணவகப் பார்சல் டப்பாக்களைச் சேர்த்துவைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று பொறித்திருக்கும். சுழிய டிகிரிக்குச் சற்றுக் கீழே போனதும் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது மூடியின் மூலை உடைந்து கையோடு வருவதற்குக் காரணம் அதுவே. உடைந்த சில்லு குழம்புக்குள் விழுந்திருக்கிறதா என்று தேடும் நிலை எந்தச் சிக்கனத்துக்கும் ஈடாகாது.

இந்திய வீடுகளில் மிகுதியாக உள்ளவை ஒற்றைக் கதவுக் குளிர்ப்பெட்டிகள். அவற்றின் ஃப்ரீசர் ஒரு சிறிய அறை, பனி படியும், படிந்த பனியைக் கரைக்கப் பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் உணவும் இளகத் தொடங்கும். நெடுநேர மின்வெட்டிலும் இதே நிலைதான். அத்தகைய பெட்டியில் ஒரு மாதத்துக்குச் சேமிக்கும் திட்டம் ஆபத்தானது. ஒரு வாரத்துக்கு, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்ற அளவே தகும். அடுக்கிவைக்க ஏற்ற நீள்சதுரத் தட்டை டப்பாக்கள் ஏழெட்டு போதும். வட்ட டப்பாக்கள் இருக்கும் சிறிய இடத்தையும் வீணாக்கும்.

‘உறையவைத்தது பழையது, வீட்டில் அன்றன்று சமைக்க வேண்டும்’ என்ற மறுப்பு குடும்பத்துப் பெரியவர்களிடமிருந்து எழுவதுண்டு. உருளைக்கிழங்கு உறைந்தால் சொதசொதப்பாகிவிடும், தயிர் திரிந்து நீர்த்துவிடும் என்ற அளவில் அம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் அன்றன்று சமைப்பது யார் என்ற கேள்வி அதில் இல்லை. நடுவண் அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அந்த 289 நிமிடத்தை ஒரே நாளில் குவித்து, அதையும் அதே பெண்ணின் தலையில் வைத்தால், விடுமுறை நாளும் பறிபோனதே மிச்சம்.

எவர்சில்வர் டப்பாவுக்குள் இருப்பது வெளியே தெரியாது. எது பருப்பு, எது விழுது, எது எப்போது வைத்தது என்பது சமைத்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், செவ்வாய் மாலை அலுவலகத்திலிருந்து அவரே தொலைபேசியில் வழிகாட்ட வேண்டியிருக்கும். மூடியின்மேல் ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, பண்டத்தின் பெயரையும் தேதியையும் பேனாவால் எழுத அரை நிமிடம் ஆகும். அதைப் படித்து, காலையிலேயே எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மாலையில் அடுப்பில் வைக்க வீட்டில் உள்ள எவராலும் முடியும்.