வள்ளம் தண்ணீரிலேயே கிடக்கட்டும்



கொச்சியின் தங்கும் விடுதிகள் சிலவற்றின் வாசலில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய வள்ளம் ஒன்றை நடுவில் அறுத்து, ஒரு பாதியை நிமிர்த்தி வைத்துத் தட்டுகள் அடித்து அலமாரி ஆக்கியிருப்பார்கள். மறு பாதியில் மண்ணைக் கொட்டிப் பூச்செடி வளர்த்திருப்பார்கள். வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "பாரம்பரியத்தைப் பாதுகாக்கிறோம்" என்று விடுதிக்காரர்களும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குடும்பத்துப் பழைய படகைக் காப்பாற்ற நான் அறிந்த வழி ஒன்றுதான். அதைச் செப்பனிட்டு மறுபடி தண்ணீரில் இறக்க வேண்டும். அதற்குக் குடும்பத்தின் பணம் மட்டும் போதாது. படகை நேசிக்கும் பலருடைய கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு உரிமையும் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

தமிழ்ச் சங்க இதழில் வள்ளத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்தத் தெருவின் பண்டகசாலைகளுக்கு முன்வாசல் தெருவில் என்றால், பின்வாசல் காயலில். அரிசியும் மிளகும் கொப்பரையும் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வள்ளத்தில் வந்து இறங்கின. பாலம், லாரி, கண்டெய்னர் என்று ஒவ்வொன்றாக வந்த பிறகு பின்வாசல்களைப் பூட்டிவிட்டோம். வள்ளங்கள் கொல்லைக்குப் போயின.

மொழியிலும் நமக்கு இதில் உறவு உண்டு. மலையாளி நண்பர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்கிறார்கள். பின்பக்கத்தை அமரம் என்கிறார்கள். நம் கடலோர ஊர்களிலும் அவையேதான். வள்ளம், வஞ்சி இரண்டும் நம் அகராதியிலும் உள்ள சொற்கள். வள்ளம் கட்ட அவர்கள் தேடிப்போகும் ஆஞ்ஞிலி மரம் நமது அயினிதான். பிழைக்க வந்த இடத்தில் இத்தனை சொந்தம் கிடைப்பது சாதாரணமா?

வள்ளங்களில் சுமை வள்ளம் ஒரு வகை, பந்தய வள்ளம் ஒரு வகை. பந்தயம் என்றால் நம்மவர்கள் சுண்டன் வள்ளம் ஒன்றை மட்டுமே நினைக்கிறார்கள். 1952 டிசம்பரில் ஆலப்புழை வந்த நேரு, வெற்றி பெற்ற நடுபாகம் சுண்டனில் ஏறிக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெப்பு, சுருளன், இருட்டுக்குத்தி என்று சிறிய பந்தய வள்ளங்களும் உண்டு. சுண்டன் பெரும்பாலும் ஊருக்குச் சொந்தம். சிறிய வள்ளங்களில் சில, குடும்பத்துக்கே சொந்தமானவை. எடத்துவாப் பக்கத்தில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக 'ஷோட்' என்ற பெயரில் வெப்பு வள்ளம் கட்டிப் பந்தயத்துக்கு விட்டு வந்திருக்கிறது. இருட்டுக்குத்தியை ஓடி வள்ளம் என்றும் சொல்வார்கள். இருட்டைக் குத்திக்கொண்டு பாயும் என்பதால் அந்தப் பெயர். அந்த வேகத்தைக் கள்ளக்கடத்தல்காரர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

என் மாமனார் வீட்டிலும் அப்படி ஒரு சிறு ஓடி இருக்கிறது. ஏறக்குறைய 25 பேர் உட்கார்ந்து துடுப்புப் போடலாம். என் மாமனாரின் தகப்பனார் சரக்குக் கணக்குப் பார்க்கக் கரை கரையாகப் போய்வர வாங்கியது. திருவிழாக் காலத்தில் அதே வள்ளம் பந்தயத்துக்கும் போகும். அவர் காலத்துக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டது. ஒரு விடுதிக்காரர் நல்ல விலை பேசினார். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற மைத்துனர்கள் கொடுத்துவிடலாம் என்றார்கள். இங்கே இருக்கிற மூத்த மைத்துனர் மட்டும் ஒரு வருஷம் தவணை கேட்டார்.

அந்த ஒரு வருஷத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊர்ப் படகுக் குழுவின் இளைஞர்கள் வந்தார்கள். கடற்படைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். கயிற்று வியாபாரம் செய்யும் குஜராத்தி அண்டை வீட்டுக்காரர் வந்தார். வயதான ஆசாரி ஒருவரை அவர்களே தேடிப்பிடித்து அழைத்து வந்தார்கள். ஆசாரி முதல் நாள் உளியையே வெளியே எடுக்கவில்லை. "மரத்துக்குத் தாகம், அண்ணாச்சி. முதல்ல அது தண்ணி குடிக்கட்டும்" என்றார். இரண்டு வாரம் காலையும் மாலையும் ஈரச் சாக்கு போட்டு நனைத்தார்கள். பிறகு ஒரு நன்னீர்க் குளத்தில் முழுக்க அமிழ்த்தி வைத்தார்கள். வெளியே எடுத்த பிறகுதான் எந்தப் பலகை உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்றே தெரிந்தது. செத்தவற்றை மட்டும் மாற்றினார்கள். துருப்பிடித்த இரும்பு ஆணிகளைக் கழற்றிச் செம்பு ஆணி அடித்தார்கள். கலப்பற்று அடித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசி, மீன் எண்ணெய் தடவினார்கள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. கூலி வாங்கியவர் ஆசாரி ஒருவர்தான். அவரும் முழுக் கூலி வாங்கவில்லை.

காயலில் இறக்கிய முதல் இரவு உள்ளே தண்ணீர் ஊறியது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முகம் வாடிவிட்டது. ஆசாரி அசையவில்லை. மூன்றாம் நாள் ஊற்று நின்றுவிட்டது. மரம் நீரைக் குடித்துப் பருத்துத் தன் இடைவெளிகளைத் தானே மூடிக்கொண்டது. மரப்படகின் இயல்பே அதுதான். கொட்டகைக்குள் பத்திரமாக வைத்தால் பிளந்துபோகும். தண்ணீரில் விட்டால் சேர்ந்துகொள்ளும்.

இது ஏதோ மட்டாஞ்சேரி ஆசாரியின் கைப்பக்குவம் என்று எண்ணிவிடாதீர்கள். 'சுஹைலி' என்ற 32 அடிப் பாய்மரப் படகு பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கில் கட்டியது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 1968 ஜூனில் அதில் தனியாகப் புறப்பட்டார். எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தார். 312 நாட்கள். உலகில் வேறு யாரும் அதற்கு முன் செய்யாத காரியம். பின்னாளில் அந்தப் படகை லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். படகுக்கு அதைவிட மரியாதை ஏது? ஆனால் அங்கே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததால் பலகைகள் சுருங்கத் தொடங்கின. படகு இப்படிச் சாவதைப் பார்க்க மனமில்லாமல் அவர் 2002-இல் அதை வெளியே எடுத்துச் செப்பனிட்டு மறுபடி மிதக்கவிட்டார். 2018-இல் உலகைச் சுற்றும் பந்தயத்துக்குப் புறப்பட்ட நம் கடற்படை மாலுமி அபிலாஷ் டோமியின் 'துரியா', இந்தச் சுஹைலியின் அச்சாகவே கோவாவில் கட்டப்பட்டது.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. காரிச்சால் சுண்டன் 1970-இல் எடத்துவா கோயில்முக்கு நாராயணன் ஆசாரியின் கையில் உருவானது. 1974, 75, 76 என்று தொடர்ந்து மூன்று முறை நேரு கோப்பையை வென்றது. அரை நூற்றாண்டு கழித்து 2024-இல் அதே பெயர் 16-ஆவது முறையாக வென்றது. இரண்டாவதாக வந்த வள்ளத்துக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு! இந்த வேகம் எப்படிக் குறையாமல் இருக்கிறது? ஆண்டுதோறும் பந்தயத்துக்கு முன் சுண்டன் வள்ளத்தைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். மீன் எண்ணெயும் சிரட்டைக் கரியும் முட்டையும் கலந்து பூசுகிறார்கள். ஊர் முழுக்கப் பங்கு கொள்கிறது. ஒரு வீட்டின் பெருமையாக மட்டும் இருந்திருந்தால் அந்த வீட்டுச் சண்டையோடு வள்ளமும் முடிந்துபோயிருக்கும்.

வள்ளத்தைப் பழுது பார்ப்பதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. தொழில் தெரிந்த கை பழகிக்கொண்டே இருக்கும். ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் கலை நம் கடற்கரைகளில் தொன்மையானது, கெட்டுவள்ளத்தில் பார்க்கலாம். அஜந்தா ஓவியம் ஒன்றை வைத்து அப்படி ஒரு கப்பல் கட்ட அரசாங்கம் முடிவு செய்தபோது, வேலையை முன்னின்று செய்தவர்கள் கேரளத்திலிருந்து போன தச்சர்கள். தலைமை ஏற்றவர் பாபு சங்கரன். அந்தக் கப்பல்தான் 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்ட 'கௌண்டின்யா'. ஓவியத்தில் வடிவம் இருந்தது. தைக்கும் முறை தச்சர்களின் விரல்களில்தான் இருந்தது. அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போயிருந்தால் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்போம்.

எதிர்க்கேள்விகள் எனக்குத் தெரியும். "செலவு செய்து என்ன வருமானம்?" என்பது முதல் கேள்வி. வருமானம் இல்லைதான். ஆனால் பலர் பங்கு போட்டால் ஒரு வீட்டுக் கல்யாணத்தின் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவை மிஞ்சாது. "ஃபைபர் பூசிவிட்டால் தொல்லை தீருமே?" என்பது இரண்டாவது. பழைய மரத்தின் மேல் ஃபைபரைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மரம் மறைவில் உளுத்துப்போகும். வெளியே பளபளப்பு மட்டும் நிற்கும். "துடுப்புப் போட நம் வீட்டில் ஆள் ஏது?" என்பது மூன்றாவது. இதுதான் நியாயமான கேள்வி. ஆள் இல்லாத வீடு, ஆள் இருக்கிற குழுவிடம் கொடுப்பதுதான் முறை.

அங்கேதான் என் மைத்துனர்களுடன் எனக்கு வழக்கு. அவர்கள் கேட்ட தவணை வருகிற ஓணத்தோடு முடிகிறது. வள்ளம் இப்போது புதிது போல இருப்பதால் விடுதிக்காரர் விலையை ஏற்றிவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் ஞாயிறு ஞாயிறாக உழைத்து உயிர் கொடுத்ததை நாம் விலை பேசி விற்பது தர்மமா? குடும்பப் பெயர் வள்ளத்தின் மேல் இருக்கட்டும். பராமரிக்கும் உரிமையைப் படகுக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். விற்பதானால் இரு தரப்பும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நான் அவர்களிடம் கேட்பது இதுதான். வீட்டு மருமகன் இதில் தலையிடலாமா என்றால், நனைந்த சாக்கைத் தூக்கியவன் என்ற முறையில் கேட்கிறேன்.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று புதுப் பெயர் வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தப் பெருமையை இன்றும் மேடைக்கு மேடை பேசுகிறோம். பேசுவதில் தவறில்லை. ஆனால் கப்பல் நம்மிடம் இல்லை. தொட்டுப் பார்க்கவும் அளவெடுக்கவும் பிள்ளைகளை ஏற்றிக் காட்டவும் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவற்றையாவது நாமே அறுத்து அலமாரி ஆக்கலாமா?

ஆகவே, கொல்லையில் பழைய வள்ளம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள். விற்பதற்கு முன் ஓர் ஆசாரியை அழைத்துக் காட்டுங்கள். நீளம், அகலம், பலகை எண்ணிக்கை எல்லாம் அளந்து எழுதி, படமும் எடுத்து வையுங்கள். வெயிலில் காயவிடாதீர்கள், நன்னீர்க் குளம் கிடைத்தால் அமிழ்த்தி வையுங்கள். உப்பு நீரில் நெடுநாள் விட்டால் மரம் துளைக்கும் புழு புகும் என்பதையும் மறவாதீர்கள். ஊர்ப் படகுக் குழுவிடம் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள். மலையாளி, குஜராத்தி, தமிழர் என்று பார்க்காமல் வந்து நிற்பார்கள். நான் கண்ணால் கண்டது. கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளின் கையில் ஒரு துடுப்பைக் கொடுங்கள். அணியம் எது, அமரம் எது என்று அவர்கள் வாயால் சொல்லட்டும்.

என் மைத்துனர்களும் இந்த இதழைப் படிப்பவர்கள்தான். ஓணத்துக்கு முன் நல்ல முடிவு எழுதி அனுப்புவார்கள் என்று நம்புகிறேன்.