சந்தாவை உயர்த்துங்கள், பட்டறைக் கதவை மூடாதீர்கள்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கு,

பழைய கணினி ஆர்வலர்களான நம் சங்கத்தின் செயற்குழு முன் இப்போது இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, ஆண்டுச் சந்தாவை உயர்த்துவது. மற்றது, சனிக்கிழமைப் பட்டறைக்குச் சந்தா கட்டியவர்களை மட்டும் அனுமதிப்பது. முதலாவதை ஆதரிக்கிறேன். வாடகையும் மின்கட்டணமும் இப்படி ஏறிக்கிடக்கும் இங்கிலாந்தில் பழைய சந்தாவை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. இரண்டாவதைக் கைவிடும்படி கேட்கவே இந்த மடல்.

நம் உறுப்பினர்களில் பலர் முதல்முதலாக எதற்கு வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பரணிலிருந்து இறக்கிய பிபிசி மைக்ரோவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட அந்தக் கணினியில்தான் இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் ஒரு தலைமுறையே நிரல் எழுதப் பழகியது. வீட்டில் ஆசையாக சுவிட்சைப் போட்டிருப்பார்கள். சற்று நேரத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம், மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு வெண்புகை. கணினி போய்விட்டது என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் போனது பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டும் ரீஃபா கெபாசிட்டர். அதன் மேலுறை ஆண்டுக்கணக்கில் மயிரிழை விரிசல் விட, உள்ளிருக்கும் காகிதம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மின்சாரம் பாய்ந்ததும் வெந்து வெடிக்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் உதிரிபாகம் அது.

நம் பட்டறையில் மூத்தவர் ஒருவர் பெட்டியைத் திறப்பார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், எதையும் தொடாதே என்று முதலில் எச்சரிப்பார். அது வடிந்த பிறகு வந்தவர் கையிலேயே சோல்டரிங் அயர்னைக் கொடுப்பார். சுவிட்சைப் போட்டதும் பிபிசி மைக்ரோ எழுப்பும் அந்த இரட்டை ஒலி கேட்கும்போது வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! அன்றைக்கே சந்தாப் படிவம் கேட்டு வாங்குகிறார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்திச் சந்தா கேட்டிருந்தால் அந்தக் கணினி குப்பைக்குத்தான் போயிருக்கும். நமக்கும் ஓர் உறுப்பினர் கிடைத்திருக்க மாட்டார்.

சேர்ப்பதைவிடத் தக்கவைப்பது கடினம். பாஸ்டன் கணினிச் சங்கத்தை 1977இல் ஜோனதன் ரோட்டன்பெர்க் தொடங்கியபோது அவருக்கு வயது 13. பின்னாளில் அதில் 30,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸே வந்து அவர்கள் கூட்டத்தில் மேக்கின்டாஷை இயக்கிக் காட்டினார். 1996இல் அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. எந்தக் கணினி வாங்கலாம் என்று விசாரிக்க வந்தவர்களுக்கு அதே விவரம் வேறு இடங்களில் எளிதாகக் கிடைத்துவிட்டது. செய்திமடலையும் தள்ளுபடிச் சலுகையையும் நம்பி உறுப்பினர்களைப் பிடித்து வைக்கலாம் என்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய புரவலர் ஒருவர் கிடைத்தால் கவலை தீர்ந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். சியாட்டிலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் நடத்திய லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகத்தைவிடவா புரவலர் பலம் வேண்டும்? பழைய பெருங்கணினிகளை ஓடும் நிலையிலேயே வைத்திருந்த இடம். 2018இல் அவர் காலமானார். 2020இல் மூடிய கதவு பிறகு திறக்கவில்லை. 2024இல் சேகரிப்பின் ஒரு பகுதி ஏலத்துக்கே போயிற்று. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் நூறு பேர்தான் சங்கத்துக்குக் காவல்.

அந்த நூறு பேரும் இரண்டாம் ஆண்டும் கொடுக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு வேலை கொடுங்கள். பிளெட்ச்லி பார்க்கில் டோனி சேல் குழுவினர் போர்க்காலக் கணினியான கொலாசஸைத் திரும்பக் கட்ட 1993 முதல் 2007 வரை பாடுபட்டார்கள். அதே வளாகத்தில் ஹார்வெல் டெகட்ரான் என்ற பழைய கணினி 2012இல் மீண்டும் ஓடியதும் தன்னார்வலர்களின் உழைப்பால்தான். கண்ணாடிக்குள் வைத்த பொருளை ஒருமுறை பார்த்தால் போதும். பாதியில் நிற்கும் வேலை மறுவாரமும் வரச் சொல்லும். நம் கிடங்கில் உறை போட்டுக் கிடக்கும் பிடிபி-11 கணினியைப் புதிய உறுப்பினர்கள் ஐந்து பேரிடம் ஒப்படையுங்கள். அதை 70களில் தொழிலாகப் பராமரித்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கும் காலம் இனி அதிகமில்லை. மாணவர்களுக்குப் பாதிச் சந்தா போதும். யார் பணத்தில் எந்த உதிரிபாகம் வாங்கினோம் என்ற கணக்கைப் பட்டறைச் சுவரிலேயே மாதந்தோறும் ஒட்டுங்கள்.

வரும் பொதுக்குழுவில் இரண்டு யோசனைகளையும் ஒரே தீர்மானமாக வைக்காதீர்கள். தனித்தனியே வாக்குக்கு விடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்