தரம் பார்ப்பவர் யாருக்குக் கீழே?

நம்மவர் வீட்டுப் பிள்ளை மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான் என்றால், பெங்களூரில் உடனே வரும் அடுத்த கேள்வி, "டெவலப்மென்ட்டா, டெஸ்டிங்கா?" என்பதுதான். டெஸ்டிங் என்று பதில் வந்தால், "ஓ, டெஸ்டிங்தானா" என்று ஓர் இழுப்பு. வரன் பேசும் இடத்தில்கூட இந்த இழுப்பைக் கேட்டிருக்கிறேன். டிப்ளமா படித்து, இரயில்வேயில் 35 ஆண்டுகளுக்கு மேல் பொறியாளனாக இருந்தவன் நான். கணினிக்கு நிரல் எழுதத் தெரியாது. தரம் பார்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எலகங்காவில் இரயில் சக்கரத் தொழிற்சாலை இருப்பதை அன்பர்கள் பலர் அறிவீர்கள். 1984-இல் தொடங்கப்பட்டது. எஃகை உருக்கி வார்த்துச் சக்கரம் செய்கிறார்கள். செய்த சக்கரத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று மீயொலி செலுத்திப் பார்ப்பார்கள்; மேற்பரப்பைக் காந்தத் துகள் கொண்டு சோதிப்பார்கள். தேறாததை ஒதுக்கிவிடுவார்கள். இது தரக் கட்டுப்பாடு. உலையில் போடும் பழைய இரும்பு எத்தகையது, உருகிய எஃகில் கரி எவ்வளவு, எந்தச் சூட்டில் அச்சுக்கு ஏற்றுவது, எவ்வளவு நேரம் ஆறவிடுவது என்பதையெல்லாம் முன்கூட்டியே வகுத்து, ஒவ்வொரு வார்ப்பிலும் அப்படியே நடக்கிறதா என்று கவனிப்பது தர உறுதி. முன்னது செய்த பொருளைப் பார்க்கிறது. பின்னது செய்யும் விதத்தைப் பார்க்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். மென்பொருளில் அது செல்லாது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் இருபது கேள்விகள் கொண்ட சாதாரணப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்பக்கூடிய வழிகள் 10,48,576. அத்தனையையும் கடைசி வாரத்தில் உட்கார்ந்து யார் சோதிப்பது? ஆகவே, முதலில் திட்டம் தீட்டும்போதே எங்கே தவறும் என்று கேட்கும் ஆள் வேண்டும்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 தரையிறங்கு கலம் நிலவில் மோதியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சி முன் விழித்திருந்து பார்த்தோம். இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்திக்கொள்ளக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது, மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதற்கு இடம் தரவில்லை. 2023-இல் இஸ்ரோ தலைவர் சோமநாத் இதை வெளிப்படையாக விளக்கினார். அடுத்த முறை, எவையெல்லாம் தவறலாம் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். இறங்கும் இடத்தையும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்பதிலிருந்து, 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், இரயில்வே ஊழியரின் மகன், டிப்ளமாவில் தொடங்கியவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அதை மறைப்பானேன்!

நம் ஊர் நிறுவனங்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் மென்பொருள் செய்யும் முறைக்கு ஐந்து படிகள் வகுத்தார்கள். 1990-களிலேயே ஐந்தாம் படியை எட்டி உலகுக்குக் காட்டியவற்றுள் பெங்களூர் மோட்டோரோலா நிறுவனமும் ஒன்று. பிறகு பல நிறுவனங்கள் எட்டின. ஆனால் வரவேற்பறையில் மாட்டிய சான்றிதழ் தரத்தைக் காப்பாற்றாது. தணிக்கைக்கு முந்தின நாள் இரவு உட்கார்ந்து ஏடுகளை நிரப்புகிற வழக்கம் இரயில்வே பணிமனைக்கும் தெரியும், கண்ணாடிக் கட்டடத்துக்கும் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. புதிய பாதை போட்டு முடித்தால், பயணிகள் வண்டியை விட இரயில்வே தானே முடிவு செய்ய முடியாது. இரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் இரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே இருக்கிறார். வெள்ளைக்காரர் காலத்தில், 1941-லேயே, இப்படிப் பிரித்துவிட்டார்கள். ஆணையராக வருகிறவரும் இரயில்வேயில் வேலை பார்த்தவர்தான், ஆனால் நாற்காலி வேறு வீட்டில். தென் வட்ட ஆணையரின் அலுவலகம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

மென்பொருள் நிறுவனங்களில் பல இடங்களில் நடப்பது என்ன? எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சொல்வது இது: வாடிக்கையாளருக்குத் தேதி வாக்குக் கொடுத்த மேலாளர் யாரோ, அவருக்குக் கீழேதான் டெஸ்டிங் பிரிவும். அந்தப் பெண் "இது தயாரில்லை" என்று சொன்னால், அவள் சம்பள உயர்வை எழுதுகிறவரே அதைக் கேட்க வேண்டும். இதில் எத்தனை பேர் துணிந்து சொல்வார்கள்? இப்போது சோதனையை எல்லாம் இயந்திரமே செய்துவிடும், தனி ஆள் எதற்கு என்கிறார்கள். இயந்திரம் சிவப்பு விளக்கு காட்டும். அதையும் மீறி அனுப்பு என்று மேலே இருந்து சொன்னால், இயந்திரம் மறுக்குமா?

ஆகவே, நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகள் சம்பளம், அலுவலக பஸ் வருமா என்பவற்றோடு இதையும் கேட்கட்டும்: "நான் நிறுத்தச் சொன்னால் அதை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு? அவருக்கும் இந்த வேலையை முடித்துக் கொடுக்கும் தேதிக்கும் என்ன சம்பந்தம்?"