பின்னால் தெரிவது எந்தக் கோட்டை?

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியிலும் இப்படி ஒரு போட்டோ இருக்கும். ஓரம் மடிந்து, மூலை உதிர்ந்து, பின்பக்கம் யாரோ பென்சிலால் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

சென்ற மாதம் அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "என் மாமியாருக்குத் தொண்ணூற்று நான்கு வயது. கல்யாணமான மறு வருஷம் எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறார். அது வேலூர் என்கிறார். என் கணவரோ பின்னால் 'பூந்தமல்லிக் கோட்டை, 1948' என்று எழுதி வைத்திருக்கிறார். அத்தைக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். இப்போது அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்."

அந்தக் கடைசி வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

வீட்டுக்காரர் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய தகப்பனார் ஆவடி இராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பெரிய முகாமாக இருந்த ஊர் ஆவடி. பூந்தமல்லியும் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்து ஊர். அங்கே ஒரு கோட்டையும் இருந்தது. "பக்கத்திலே கோட்டை இருக்கும்போது வேலூருக்கா சார் போவார்?" என்றார். வாதம் நன்றாகத்தான் இருந்தது. படத்தைப் பார்க்காமல் செய்த வாதம், அவ்வளவுதான்.

நான் முதலில் பார்த்தது மதிலை அல்ல, பாட்டியின் புடவையை. முந்தானை இடது தோளில் இருந்தது. சிரிக்காதீர்கள், நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டால் இடம் வலமாகிவிடும், கோட்டை வாசலைத் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம். புடவையும் சட்டைப் பொத்தானும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகுதான் மதில். பெரிய பெரிய கருங்கல். அதிலிருந்து வயிறு தள்ளினாற்போல உருண்டையாக ஒரு கொத்தளம். உச்சியில் வரிசையாக, தலை வளைந்த காப்புக் கற்கள். அடியில் அகலமான அகழி, நிறையத் தண்ணீர்.

"அப்படியானால் சென்னைக் கோட்டையாக இருக்கலாமே?" என்றார் வீட்டுக்காரர், பூந்தமல்லியைச் சற்றே விட்டுக்கொடுத்து. இருக்க முடியாது. உருண்டைக் கொத்தளத்துக்கு ஒரு குறை உண்டு. அதன் மூக்குக்கு நேர் கீழே ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டால், பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுடுகிற குண்டு அவன்மேல் படாது. பீரங்கி யுகத்தில் இதற்காகவே ஐரோப்பியர் ஈட்டி முனைபோல் கோணமாகக் கொத்தளம் கட்டினார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையை 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1758-59-ல் லாலி முற்றுகையிட்டார். பட்ட பாடு போதும் என்று 1783 வரை அதை மாற்றிக் கட்டினார்கள். கடல் பக்கம் நேர்க்கோடு, நம் பூந்தமல்லித் திசையில் கோணம் கோணமாக அரை எண்கோணம். எதிரி அந்தப் பக்கம்தானே வருவான்!

(ஊரைச் சுற்றியும் மதில் கட்டினார்கள். அதற்காக வரி போட நினைத்து, வசூலிக்காமலே விட்டார்கள். சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே வால்டாக்ஸ் ரோடு. வராத வரிக்கு வந்த பெயர்!)

கருங்கல்லும் உருண்டைக் கொத்தளமும் செஞ்சியிலும் உண்டு, திருமயத்திலும் உண்டு. ஆனால் இத்தனை அகன்ற நீர் அகழியும் அந்த வளைந்த காப்புக் கற்களும் சேர்ந்து வேலூரைத்தான் காட்டின. ஆனாலும் போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உள்ளே என்ன பார்த்தீர்கள், பாட்டி?"

மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார்: "கோயில் இருந்தது. சாமி இல்லை. சாமியில்லாத கோயிலுக்கா அழைச்சுண்டு வந்தேள்னு அவர்கிட்ட கோவிச்சுண்டேன்."

"பார்த்தீர்களா?" என்றார் மகன். "ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமி இல்லையாம்! நாங்கள் எத்தனை தடவை போய்க் கும்பிட்டிருக்கிறோம்!"

"முதல் தடவை எப்போது போனீர்கள்?"

யோசித்தார். கல்யாணத்துக்குப் பிறகு, 1985 இருக்கும் என்றார்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயில் நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் வெறும் சிற்பக் கூடமாகத்தான் நின்றது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தது 1981-ல். பாட்டி போன 1948-ல் கருவறை காலி. எந்த விஷயத்துக்காக அவரைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதுவே சாட்சி!

வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ரப்பரை எடுத்து வந்தார். "அழிக்க வேண்டாம், அதற்குக் கீழேயே எழுதுங்கள், யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து" என்றேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மெல்லிய பென்சிலால், படத்தைக் கவிழ்த்து, அழுத்தாமல்.

அவர் எழுதினார்: "வேலூர். அம்மா சொன்னது."

பாட்டி அதை வாங்கிப் படித்தார். "உங்கப்பா பேரையும் எழுதுடா" என்றார்.